பெட்டிக்குத் தெரிந்த சாவி

நைனா,

நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "சாப்ட்டியா? மழ பெய்யுதா அங்க?" என்று பேச்சை மாற்றினேன் இல்லையா, அந்தப் பதில்தான் இந்தக் கடிதம். "அம்மா, ஊர்ல சொல்றாங்களே, அம்மன் சித்தப்பாவ வண்டி எடுக்க உடலையாம், நீ ஏறினதும் எடுத்துச்சாம், நெசமா?" என்று கேட்டாய். புனேயில் நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டுகிறவன் நீ. உனக்கே அந்தக் கதை பாதி நம்பும்படி இருந்தது என்று உன் குரலிலேயே தெரிந்தது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நடுவில் "உடும்மா, உடும்மா" என்பாய். காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை.

ஆடி பிறந்தால் நம் தெருவே பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குக் கிளம்பும். நம் குட்டி லாரி அம்மன் படத்தையும் சமையல் பாத்திரங்களையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றிக்கொண்டு முன்னால் மெதுவாகப் போகும், மற்றவர்கள் மஞ்சள் துணியோடு பின்னால் நடப்பார்கள். உன் அப்பா இருந்தவரை அவர் ஓட்டினார். அவர் போன பிறகு, அந்த ஒரு நாளைக்கு மட்டும் உன் சித்தப்பா ஓட்டினார். வருஷம் பூராவும் காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்புச் சாமான் ஏற்றி இறக்குவது நான், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஜிஎன்டி ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போவது நான், ஆடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே இறங்கிப் பாற்குடம் தூக்க வேண்டும். இத்தனை வருஷம் நானும் தூக்கினேன். இந்த வருஷம் மாட்டேன் என்றேன். மகன் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டது நான், வண்டி என் வண்டி, லைசென்ஸ் என் லைசென்ஸ், அப்புறம் எதற்கு இன்னொருத்தர்? சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் வாய்விட்டு மறுக்கவில்லை. அதற்குப் பதில் ஊர் பார்க்கும்படி ஒரு வேலை செய்தார்.

நான் சாமான் வாங்கக் கும்மிடிப்பூண்டி போயிருந்த சமயம், அவர் வேலை பார்க்கிற இரும்பு மில்லிலிருந்து பைப்பும் வெல்டிங் மிஷினும் எடுத்து வந்து, வண்டியின் பின்பக்கம் அம்மன் படத்துக்கு ஒரு வளைவு அடித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தேன். வளைவு அழகாகத்தான் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி வாங்கிய அன்று ஷோரூம்காரர் உன் அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இந்தக் காலத்து வண்டியில் இன்ஜினை நடத்துவதே ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான், வண்டி மேல் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்று அவர் சொன்னார். "பேட்டரிய கழட்டினியா தம்பி?" என்று கேட்டேன். "இன்னா அண்ணி, தெனமும் இதே வேலையாத்தான் இருக்கேன், எனக்கே சொல்றீங்களா? டக்கு டக்குனு நாலு பொட்டு வெச்சேன், அவ்ளோதான்" என்று சிரித்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது வண்டி நல்லபடியாக எடுத்தது. நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

புதுவாயலில் திரும்பி, ஆரணி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி குலுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, அவ்வளவுதான், இன்ஜின் அணைந்துவிட்டது. எத்தனை தடவை சாவி போட்டும் எடுக்கவில்லை. பம்பைச் சத்தம் நின்று, பின்னால் வந்த ஜனம் எல்லாம் வண்டியைச் சுற்றிக்கொண்டது. எதிர்வீட்டு சரோஜாக்காவைத் தெரியுமே உனக்கு, முட்டிவலி என்று என் வண்டியில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள், அங்கே உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நான் அப்பவே நெனச்சேன். தாலி இல்லாதவ ஓட்டிக்கினு வந்தா அம்மன் எப்படி வருவா?" இறங்கியாவது சொல்லியிருக்கலாம். யாரும் அவளை அதட்டவில்லை. உன் சித்தப்பா வளைவைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். சகுனம் சரியில்லை என்று ஊரே பாதி வழியில் திரும்பியது. டிராக்டர் கட்டி வண்டியை இழுத்து வந்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற டிராக்டரின் புகையைக் குடித்துக்கொண்டு, அழக்கூடாது அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

தாலியைப் பற்றி அந்த ஊரில் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், நைனா. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. இதே பெரியபாளையத்துக்குத்தான் போனேன். எத்தனையோ பெண்கள் செய்கிற மாதிரி, கழுத்திலிருந்த தாலியைக் கழற்றி, அவரைக் கொடு என்று கேட்டு, அவள் உண்டியலில் போட்டுவிட்டு மஞ்சள் கயிற்றோடு திரும்பி வந்தேன். அவள் தாலியை வைத்துக்கொண்டாள், அவரைக் கொடுக்கவில்லை. அதற்காக நான் அவளிடம் போகாமல் இருக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டே போகிறேன், வருகிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற வழக்கு அது. சரோஜாக்கா அதில் பஞ்சாயத்துக்கு வர வேண்டியதில்லை. அதோடு, கருவறையில் பவானியம்மன் பக்கத்தில் எந்தப் புருஷன் உட்கார்ந்திருப்பதை இவர்கள் பார்த்தார்கள்?

வண்டியைக் கும்மிடிப்பூண்டியில் பாஷாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அவன் லேப்டாப்பை மாட்டிக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி பேசவே மாட்டேங்குது அக்கா" என்றான். அந்தப் பெட்டியை ஈசிஎம் என்கிறார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், எவ்வளவு டீசல் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று எல்லாம் அதுதான் முடிவு செய்கிறதாம். கழற்றித் திறந்தான். உள்ளே ஒரு மூலை கறுத்து, பொசுங்கின நாற்றம் அடித்தது. வளைவை நிமிர்ந்து பார்த்தான். "வெல்டிங் அடிச்சீங்களா? பேட்டரிய கழட்டாமயா?" என்றான். பக்கத்தில் நின்ற உன் சித்தப்பா, "வெல்டிங்கால எல்லாம் இது ஆவாதுபா, ஓட்ற பக்குவம் அப்படி" என்றார். புதுப் பெட்டிக்கு அவன் சொன்ன விலை நான் நினைத்ததற்கும் மேலே இருந்தது. சித்தப்பா உடனே, அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றின பழைய பெட்டி ஒன்று ஸ்கிராப் கடையில் கிடைக்கும், மாட்டிவிடலாம் என்றார். பாஷா ஒத்துக்கொள்ளவில்லை. "அது வேற வண்டியோட பெட்டி. அந்த வண்டி நம்பரு, அந்த வண்டி சாவி எல்லாம் உள்ள எழுதியிருக்கும். அழிச்சிட்டேம்பானுங்க. அப்புறம் நடுரோட்ல பேஜாரு பண்ணும்" என்றான். புதுசே வரட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஊருக்கு வந்து, பெட்டி எரிந்த விஷயத்தை வீடு வீடாகச் சொன்னேன். வெல்டிங் கரண்ட் போய் எரித்துவிட்டது என்று சொன்னேன். பொசுங்கின பெட்டியை எடுத்துப்போய்க் காட்டவும் செய்தேன். சரோஜாக்கா முகர்ந்துகூடப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "சரிம்மா, எரிஞ்சிது. நீ ஓட்டற அன்னிக்கி பாத்து ஏன் எரியணும்?" இதற்கு என்ன பதில் சொல்வாய், நீ படித்தவன், சொல்லு பார்ப்போம். ஆடி கடைசி ஞாயிறு மறுபடி போவது, வண்டி நம்முடையது, ஓட்டுவது சித்தப்பா என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். என் வண்டி ஓட என் அனுமதி வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். "ஒரு தடவதானேம்மா, சித்தப்பா ஓட்டட்டும். கல்யாண நேரத்துல ஊர்ல ஒரு பேச்சு வேணாமே" என்றாய். சரோஜாக்கா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னபோது எனக்கு வலித்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நீ சமாதானம் என்று சொன்னதில் நகர வேண்டியவள் நான் ஒருத்திதான், மற்ற எல்லாரும் அவரவர் இடத்தில் சௌகரியமாக இருந்துகொள்ளலாம். இதை நன்றாக யோசித்துப் பார். நாளைக்கு உன் பெண்டாட்டியிடமும் இதே வாயால் "ஒரு தடவதானே" என்று சொல்லப் போகிறவன் நீ.

இனி சாவிக்கு வருகிறேன். வண்டிக்கு இரண்டு சாவி, ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். அப்பாவின் சாவி நம் வீட்டு வாசற்காலில் ஆணியில் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? கருமாதி முடிந்த அன்று சித்தப்பா அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போது நான் கேட்கிற நிலையில் இல்லை. பிறகு சிப்காட்டில் காலி மனைகளுக்கு நடுவில் இருக்கிற ரோட்டில், அப்பா எனக்கு முன்பு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்த கிளட்சையும் கியரையும் நானே திரும்பத் திரும்பப் பழகி, லைசென்ஸ் வாங்கி, லோடு பிடித்த பிறகு கேட்டேன். "குடும்பத்துல ஒரு ஆம்பளகிட்ட இருக்கட்டும் அண்ணி" என்றார். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து பார்த்தால் வாசலில் வண்டி இருக்காது. யாருக்கோ வீடு மாற்ற, யாருக்கோ மணல் அள்ளப் போயிருக்கும். டீசல் காலியாகி, பின்பக்கம் சேறோடு திரும்பி வரும். நீ லீவில் வந்தபோது ஒரு தடவை உன்னிடம் சொன்னேன். "நம்ம சித்தப்பாதானேம்மா" என்றாய்.

புதுப் பெட்டி வந்தது. பாஷா மாட்டினான். மாட்டினால் மட்டும் வேலை முடியாதாம். புதுப் பெட்டிக்கு ஒன்றுமே தெரியாது. இந்த வண்டியின் நம்பரை அதில் ஏற்ற வேண்டும். டீசல் தெளிக்கிற ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கிறது, டார்ச் அடித்துப் படித்து அதையும் ஏற்ற வேண்டும். கடைசியில் சாவி. "சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்குதுக்கா. எந்தச் சாவி நம்முளுதுன்னு பெட்டிக்குச் சொல்லிக் குடுக்கணும். எல்லாச் சாவியும் குடுங்க" என்றான். நான் என் சாவியைக் கொடுத்தேன். "ரெண்டாவது எங்கக்கா?" என்றான். "ஒண்ணு போதும் தம்பி" என்றேன். "அப்போ அந்தச் சாவி கதவத் தொறக்கும், ஸ்டாட்டர் சுத்தும், இன்ஜின் மட்டும் எடுக்காது. அப்புறம் என்னியத் திட்டாதீங்க" என்றான். திட்ட மாட்டேன் என்றேன். இதையெல்லாம் ஒரு திட்டத்தோடு செய்தாயா அம்மா என்று நீ கேட்பாய். ஆமாம். திட்டத்தோடுதான் செய்தேன். வீட்டுக்கு வண்டியை ஓட்டி வரும்போது, உன் அப்பா செத்த பிறகு முதல் தடவையாக, தனியாகச் சிரித்தேன்.

கடைசி ஞாயிறு காலை. வளைவுக்கு வேப்பிலை கட்டி, அம்மன் படம் வைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். உன் சித்தப்பா புது மஞ்சள் வேட்டியில் கழுத்து நிறைய மாலையோடு ஏறி உட்கார்ந்தார். நான் பாற்குடத்தோடு பெண்கள் வரிசையில் நின்றேன். சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடியும் அதேதான். பம்பைக்காரர் நிறுத்திவிட்டார். "இன்னொரு பழம் வைங்கப்பா" என்று யாரோ கத்த, இன்னொரு பழம் வைத்தார்கள், மறுபடி கற்பூரம் காட்டினார்கள். எடுக்கவில்லை. அவர் நெற்றியிலிருந்து விபூதி வேர்வையோடு கரைந்து வழிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாய் திறக்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் சரோஜாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ தாயே, இன்னா கோவம் உனக்கு! ஏய், அவள ஏறச் சொல்லுங்கடி, பாக்கலாம்!" என்றாள்.

குடத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். சித்தப்பா இறங்கினார், நான் ஏறினேன். இடுப்பில் செருகியிருந்த என் சாவியை எடுத்துப் போட்டேன். தொட்டதும் எடுத்தது. "ஓம் சக்தி! பராசக்தி!" என்று தெருவே அலறியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. இவர்களிடம் பொசுங்கின பெட்டியைக் காட்டிக் கெஞ்சினேன், காதில் ஏறவில்லை. அவர்கள் பேசுகிற பாஷையிலேயே சொன்னதும் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஆரணி தாண்டுகிற வரை சரோஜாக்கா மடியில் குடத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது.

கோயிலில் முதலில் அம்மனிடம்தான் உண்மையைச் சொன்னேன். "உன் பேரச் சொல்லி ஏமாத்திட்டேன். நான் குடுத்தத நீ வெச்சிக்கினியே, இன்னிக்கி உன் பேர நான் கொஞ்சம் எடுத்துக்கினேன். சரியாப் போச்சு" என்றேன். அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. திரும்பி வரும்போதும் வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை.

மறுநாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அவரிடம் மறைக்கவில்லை. "அந்தச் சாவிய புதுப் பெட்டிக்குத் தெரியாது தம்பி" என்றேன். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "ஊரு முன்னால என்ன கேவலப்படுத்திட்டீங்களே அண்ணி" என்றார். "ஊரு முன்னால நடுரோட்ல நான் நின்னேனே, வெல்டிங் அடிச்சது நாந்தான், அவ மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த உன் வாயில வந்துச்சா?" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார். போகும்போது தம்ளர் பக்கத்தில் சாவியை வைத்துவிட்டுப் போனார். உன் கல்யாணத்துக்குப் பந்தல் வேலை அவர்தான் பார்க்கிறார், நேற்றே வந்து அளவு எடுத்தார். உறவு அறுந்துபோகவில்லை நைனா. அறுந்துபோகும் என்று பயந்துதான் நீ என்னை நகரச் சொன்னாய். நகராமல் நின்றேன், அவரும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். நீ வேண்டுமானால் ஊருக்கு உண்மையைச் சொல்லிக்கொள். எனக்கு ஒரு பயமும் இல்லை. நம்ப மாட்டார்கள்.

கல்யாணத்தன்று செவ்வாப்பேட்டையிலிருந்து பெண்வீட்டு ஜனம் வரும்போது, மேடையில் உன் பக்கத்தில் நான் நிற்பேன், ஓரத்தில் நிற்க மாட்டேன். யாராவது வாயைத் திறந்தால் நீ தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே. உன் சித்தப்பா அப்படித்தான் வளைவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

அந்தச் சாவியைப் பாஷாவிடம் எடுத்துப்போய், பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டு சாவியிலும் வண்டி எடுக்கிறது. இரண்டாவது உனக்கு என்று நினைத்திருப்பாய். இல்லை. நிச்சயதார்த்தத்தன்று எல்லாரும் கல்யாணப் பெண்ணிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, சுகன்யா என்னிடம் ரகசியமாக, "அத்த, லோடு ஏத்தினா பிரேக் புடிக்க லேட்டாவுமா?" என்று கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். போன வாரம் அவள் வீட்டுக்குப் போய் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஓட்டத் தெரியாது என்றாள். சிப்காட்டில் காலி ரோடு இன்னும் நிறைய இருக்கிறது என்றேன்.

நீ லீவில் வரும்போது எங்காவது போக வண்டி வேண்டுமென்றால், எங்கள் இருவரில் ஒருத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்.

வண்டிக்காரி,
உன் அம்மா